இன்னும் கொஞ்சம் போட்டா...

நான் வாங்குன பழைய வேகன் ஆர் காரோட போட்டோவை நேத்து இங்க போட்டேன்ல, அதுக்குக் கீழ நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. 'தகர டப்பா'ன்னு எழுதுன புண்ணியவான் காலைல அதை அழிச்சிட்டாரு. பரவாயில்ல, ஸ்கிரீன்ஷாட் இருக்கு. எனக்கு அதுகூடப் பெருசா வலிக்கல. அதுக்கப்புறம் வரிசையா வந்து அக்கறையா சொன்னாங்க பாருங்க, "இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா புது வண்டியே எடுத்திருக்கலாமே மாப்ள"ன்னு, அதுதான் தூங்க விடல.

அந்தக் கொஞ்சத்தை யாரு போடுவா?

கையில இருந்தது மூணு லட்சம். சீட்டு எடுத்தது, பைக்கை வித்தது, போனஸ், எல்லாம் சேத்து. வண்டி, பேரு மாத்துற செலவு, இன்சூரன்ஸ், ரெண்டு டயர் அத்தனையும் அதுக்குள்ள அடங்கணும். ஆல்ட்டோ பாக்கப் போனா, புரோக்கர் அம்பதாயிரம் சேத்துப் போட்டா வேகன் ஆர்ங்கிறான். வேகன் ஆர் பாத்தா, இன்னொரு லட்சத்துல ஸ்விஃப்ட். ஸ்விஃப்ட்டுக்குக் குடுக்குற காசை முன்பணமா கட்டிட்டுப் புதுசே எடுக்கலாமேங்கிறான். இந்த ஏணிக்கு உச்சிப்படின்னு ஒண்ணு கிடையாது.

சரி, லோனுக்கே வருவோம். 5 லட்சம், 9.5 சதவீதம், 7 வருஷம். மாசம் 8,170 ரூபா சொச்சம் கட்டணும், வட்டி மட்டும் 1,86,000 வரும். அந்த வட்டிக் காசுல ஒரு பழைய ஆல்ட்டோவே வாங்கிரலாம். "ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிருச்சே சார்"னு ஒருத்தர். ஆமா, 2025 செப்டம்பர்ல குறைச்சாங்க, நல்ல விஷயம். ஆனா ஆறு லட்ச ரூபா வண்டிக்கு இங்க ஆயுட்கால வரி 13 சதவீதம், 78,000 ரூபா. அதுவும் உங்க "கொஞ்சம்" கணக்குல வருமா, வராதா?

அடுத்து ஸ்டார் ரேட்டிங் கோஷ்டி. வண்டி மோதி நொறுங்குற வீடியோவை என் போட்டோவுக்குக் கீழயே கொண்டுவந்து போடுறீங்க. எனக்கும் தெரியும். 2023-ல குளோபல் என்கேப்புன்னு வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்பு பாக்குற சோதனையில வேகன் ஆருக்கு 1 ஸ்டார்தான், குழந்தைங்க பாதுகாப்புல பூஜ்யம். என்னோடது 2015, அதுக்கும் முந்துன மாடல். ஏர்பேக் கிடையாது. மறுக்கல. ஆனா இத்தனை வருஷம் பொண்டாட்டி, பிள்ளையை வச்சுக்கிட்டு நாலுவழிச் சாலையில லாரிக்கு நடுவுல பைக்குல போனப்ப ஒருத்தரும் வீடியோ அனுப்பலையே? பைக்குக்கு எத்தனை ஸ்டாருங்க? அவ்வளவுதான், இதுக்கு மேல அந்தப் பேச்சு வேண்டாம்.

"2030-ல ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று) முடிஞ்சிருமே, அப்புறம் காயலான் கடைதான்." இது இன்னொருத்தர். அண்ணே, 15 வருஷம் ஆனா பெட்ரோல் வண்டியை ஓட்டக்கூடாதுங்கிற கெடுபிடியெல்லாம் டெல்லிப் பக்கம். சாத்தூர்ல வண்டி ஓடுற தகுதியில இருக்குன்னு எஃப்சி காட்டி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சுக்கலாம். தெரியாட்டி சும்மா இருக்கலாம்ல?

ஏன் வேகன் ஆர்னு யாராவது ஒருத்தர் கேட்டீங்களா? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்னா பஸ்ஸோட முதப்படி ஏற முடியாது. அந்த வண்டியில சீட்டு கரெக்டா இடுப்பு உயரத்துல இருக்கு. குனியவும் வேணாம், ஏறவும் வேணாம். முதல்ல பக்கவாட்டுல உக்காந்துட்டு, வலது காலை ரெண்டு கையாலயும் தூக்கி உள்ள வச்சுக்கிறாங்க. ஸ்விஃப்ட்டுல இது நடக்காது, உக்கார வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

சும்மாவும் வாங்கல. "டாக்டர் ஓட்டுன வண்டி சார்"னு புரோக்கர் சொன்னதும் மெக்கானிக் அண்ணாச்சி சிரிச்சுட்டாரு. தமிழ்நாட்டுல விக்கிற பழைய வண்டி பூராவும் டாக்டருங்கதான் ஓட்டிருக்காங்க போல. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, அடியில சேறு படிஞ்ச கோடு இருக்கான்னு பாத்தாரு. சென்னையில 2015-லயும் 2023-லயும் வெள்ளத்துல முங்குன வண்டிங்க துடைச்சுப் பளபளன்னு தெக்க வந்துருமாம். கால்மிதியைத் தூக்கி மோந்து பாத்தாரு. டயர்ல இருந்த நாலு நம்பரைப் படிச்சு, முன்னாடி ரெண்டும் 2017-ல செஞ்சது, மாத்தியே ஆகணும்னாரு. ஆர்சியில பழைய ஓனருக்குக் கடன் குடுத்த பேங்க் பேரு இன்னும் இருந்துச்சு. கடன் முடிஞ்சதுன்னு பேங்க் தர்ற என்ஓசி, ஃபாரம் 35 ரெண்டும் கைக்கு வர்ற வரைக்கும் அட்வான்ஸ் குடுக்கவிடல. இத்தனை அக்கறை உங்கள்ல யாருக்காவது இருந்துச்சா? "கொஞ்சம் போட்டா"ன்னு சொல்ல மட்டும் வாய் வருது.

உண்மையைச் சொல்லட்டா? புது வண்டிக்கு ஸ்வீட் கேக்குறீங்க, பழசுக்குப் புத்தி சொல்றீங்க. போன வருஷம் சொந்தக்காரர் கல்யாணத்துல, ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவை வச்சுக்கிட்டு ஆட்டோவுக்கு நிக்கிறேன். பின்சீட்டு காலியா இருந்த காரு எத்தனை எங்களைத் தாண்டிப் போச்சு தெரியுமா? கண்ணாடியை இறக்கிக் கைகாட்டிட்டுப் போனாங்க. அதுல ஒண்ணு நம்ம தகர டப்பா நண்பரோடது. அது அஞ்சு ஸ்டார் வண்டிதான்.

அவரு அடுத்த மாசம் வீட்டுப் பால்காய்ச்சுக்குக் கூப்பிட்டிருக்காரு. வருவேன். அம்மாவோட, இந்த வண்டியிலதான் வருவேன். தெருக்கோடியில எல்லாம் விட மாட்டேன், அம்மாவால நடக்க முடியாது. நேரா வாசல்லதான் நிறுத்துவேன்.