கொழும்பில் இருந்தால் அலுவலகச் செலவு, கிளிநொச்சிக்கு வந்தால் வீட்டுச் செலவா?

வீட்டிலிருந்து வேலை செய்யும் சம்பளக்காரருக்கு, அந்த வேலைக்காகச் செய்யும் செலவில் ஒரு சதத்தையேனும் வருமான வரிக் கணக்கில் கழிக்க இலங்கையில் இடமில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவைக் கழிக்கும் உரிமையை வியாபாரம் செய்பவருக்கும் முதலீடு செய்பவருக்கும் கொடுத்துவிட்டு, சம்பளக்காரர் வந்து நின்றால் மட்டும் கையை விரிக்கிறது.

நான் வேலை செய்யும் நிறுவனம் கொழும்பில் வாடகைக்கு எடுத்திருந்த மாடி ஒன்றைக் கைவிட்டு, எங்களில் பலரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. அந்த மாடியின் வாடகை, மின்சாரம், குளிரூட்டி, இணைய இணைப்பு எல்லாம் அதுவரை நிறுவனத்தின் இலாபத்திலிருந்து கழிக்கப்பட்ட செலவுகள். அவற்றை வியாபாரச் செலவல்ல என்று எந்த வரி அதிகாரியும் சொன்னதில்லை. இன்று அதே வேலை, இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் சிறிய வீட்டின் இரண்டாவது அறையில் நடக்கிறது. ஏ9 வீதியால் வடக்கே வந்த அந்தச் செலவு, வவுனியாவில் தன் தகுதியை இழந்ததா, மாங்குளம் சந்தியில் இழந்ததா என்பதையாவது யாரேனும் எனக்கு விளக்க வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுவதும் மின்விசிறி இல்லாமல் அந்த அறையில் இருக்க முடியாது. மின்சாரம் நின்றால் கூட்டத்தின் நடுவில் மறைந்துபோகாமல் இருக்க யூபிஎஸ் வேண்டும், அதன் பற்றரியைக் காலத்துக்குக் காலம் மாற்றவும் வேண்டும். வீட்டு மின்கட்டணமோ அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும் வகையில் அமைந்தது. ஆகவே சமையலறையும் தண்ணீர் மோட்டாரும் பாவித்த அலகுகளுக்கு மேல் என் வேலை சேர்க்கும் ஒவ்வோர் அலகும் பட்டியலின் மிக விலைகூடிய படியிலேயே போய் விழுகிறது. இவ்வளவையும் கட்டுவது, வரி கழித்து மிஞ்சிய சம்பளத்திலிருந்து.

நிறுவனம் இணையச் செலவுக்கென்று மாதாந்தம் ஒரு கொடுப்பனவு தருகிறதே என்பார்கள். தருகிறது, ஆனால் அது சம்பளத்துடன் சேர்க்கப்பட்டு, மாதாமாதம் சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்து அரசுக்குக் கட்டும் ஏபிஐடி என்ற வருமான வரி அதற்கும் பிடிக்கப்படுகிறது. மாதம் 250,000 ரூபாய் பெறுபவருக்கு இப்போதைய வீதங்களின்படி 8,000 ரூபாய் வரி. அவருக்குக் கூடுதலாக வரும் கொடுப்பனவில் நூற்றுக்கு 18 அரசுக்குப் போகிறது. அதே கொடுப்பனவை நிறுவனம் தன் கணக்கில் செலவாகக் காட்டுகிறது என்பதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

"2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபாய் விலக்குத் தந்திருக்கிறார்களே, அதற்குள் எல்லாம் அடக்கம்" என்று கணக்காளர் ஒருவர் எனக்கு உபதேசம் செய்தார். அந்த விலக்கு, வீட்டை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வாழ்பவருக்கும் உண்டு. அதற்கு மேல், திருத்தவேலைக்கு எவ்வளவு செலவழித்தார் என்று கேளாமலே வாடகை வருமானத்தில் நூற்றுக்கு 25 அவருக்குக் கழிக்கப்படுகிறது. கூரையில் சூரிய மின்தகடு பொருத்தி மின்வலையமைப்புடன் இணைப்பவருக்கு ஆண்டுக்கு 600,000 ரூபாய் வரை கழிவு உண்டு. நல்ல விடயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் யூபிஎஸ் பற்றரியைக் கண்டவுடன் மட்டும் சட்டத்துக்கு அது குடும்பச் செலவாகிவிடுகிறது!

இதிலும் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. நாளைக்கே நான் இந்த வேலையை விட்டுவிட்டு, இதே கதிரையில் இருந்து இதே நிறுவனத்துக்குச் சுயதொழிலாளராக இதே வேலையைச் செய்து பட்டியல் அனுப்பினால், வேலைக்குப் பாவித்த மின்சாரத்தின் பங்கையும் இணையக் கட்டணத்தையும் வியாபாரச் செலவாகக் கழிக்கலாம். கணினியின் பெறுமதியைக்கூட ஐந்து ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நிறுவனம் எனக்காகக் கட்டும் நூற்றுக்கு 12 ஊழியர் சேமலாப நிதியையும் நூற்றுக்கு 3 நம்பிக்கை நிதியையும் அன்றே மறந்துவிட வேண்டும். ஓய்வுகாலச் சேமிப்பைப் பறிகொடுத்தால்தான் மின்பட்டியலைக் கழிக்கலாம் என்பது என்ன நியாயம்?

ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாளும் சம்பளக்காரிதான். 2020 முதல் 2022 வரை, வீட்டிலிருந்து வேலை செய்த நாளொன்றுக்கு இரண்டு டொலர் என்ற எளிய கணக்கில், உச்சவரம்பு ஒன்றுக்குள், பற்றுச்சீட்டு எதுவும் இல்லாமலே கனடாவில் கழிக்க முடிந்தது. இப்போது அங்கு நடைமுறை இறுக்கம்; வேலை நிபந்தனைகளை உறுதிப்படுத்தும் ரி2200 படிவத்தில் முதலாளி கையொப்பமிட வேண்டும், வேலை செய்யும் இடத்தின் அளவைக் கணக்கிட வேண்டும். இருந்தாலும் வாடகையிலும் மின்சாரத்திலும் அந்த இடத்துக்குரிய பங்கைக் கழிக்க வழி இருக்கிறது. மச்சாள் அதைச் சொன்னதைக் கேட்டு, எங்களுக்கும் அப்படி உண்டென்று நம்பி மின்பட்டியல்களைக் கட்டிவைத்திருப்பவர்களை இங்கு எனக்குத் தெரியும். அவற்றால் அவர்களுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கப்போவதில்லை.

நான் கேட்பது தளபாடத்துக்கும் தேநீருக்கும் கழிவு அல்ல. வீட்டிலிருந்து வேலை செய்வதாக முதலாளி எழுத்தில் உறுதிப்படுத்தும் ஊழியருக்கு மாதாந்தம் ஒரு நிலையான தொகையை, ஏபிஐடி கணக்கிடும்போதே நிறுவனம் கழித்துவிடலாம். அதற்கு நான் திணைக்களத்தின் வாசலுக்கு வரவும் தேவையில்லை, என் மின்பட்டியலை எந்த அதிகாரியும் புரட்டிப் பார்க்கவும் தேவையில்லை.