பதிவில் பிழை இல்லை என்பதால் வன்பொருள் கோளாறு என்று ஆகாது

"லினக்ஸ் மடிக்கணினி சஸ்பெண்டில் (தூக்க நிலை) போய் எழவில்லை, ஜர்னலில் (கணினியின் செய்திப் பதிவு) பிழை எதுவும் இல்லை, அதனால் மதர்போர்டுதான் காரணம்" என்று சிலர் சொல்வது தவறு. அதை நம்பி யாரும் பணம் செலவழித்துவிடாதீர்கள்.

சஸ்பெண்ட் தொடங்கியதும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) முதலில் பயனர் நிரல்களை உறைய வைக்கிறது. ஜர்னலை வட்டில் எழுதும் நிரலும் அதில் அடக்கம். அதற்குப் பின் வரும் செய்திகள் நினைவகத்தில்தான் இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் அவையும் போய்விடும். பிழை நடந்திருந்தாலும் ஜர்னலில் தெரியாது.

முதலில் சிஸ்/பவர் (/sys/power) அடைவில் உள்ள பிஎம்_டெஸ்ட் (pm_test) என்ற சோதனைக் கோப்பில் 'டிவைசஸ்' (devices) என்று எழுதிவிட்டு சஸ்பெண்ட் செய்து பாருங்கள். சாதனங்களை நிறுத்தி, வழக்கமாக 5 விநாடி காத்திருந்து, தானே திரும்பிவிடும். இதிலேயே தொங்கினால் பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு டிரைவர்தான் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்).

அது சரியாக நடந்தால், அப்புறம் அதே அடைவில் உள்ள பிஎம்_ட்ரேஸ் (pm_trace) வசதியை இயக்கிவிட்டு சஸ்பெண்ட் செய்யுங்கள். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) கணினிகளில் இது கடைசியாகக் கையாண்ட சாதனத்தின் குறியீட்டைக் கடிகாரச் சில்லில் எழுதி வைக்கும். அணைத்தாலும் அழியாத இடம் அது. தொங்கியதும் அணைத்து, உடனே மறுபடி துவக்கி, கெர்னல் செய்திகளைக் காட்டும் dmesg கட்டளையின் வெளியீட்டில் 'ஹேஷ் மேட்சஸ்' (hash matches) என்ற வரியைத் தேடுங்கள். கணினியின் தேதியும் நேரமும் இதனால் குழம்பும், பிறகு திருத்திக்கொள்ளுங்கள்.