ஜாக்கெட் வந்தால் ஆள் வந்துவிடுவானா?

சனிக்கிழமை ராத்திரி ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ என்கிற ஹாலிவுட் போலீஸ் காமெடிப் படத்தின் முதல் பாகத்தைப் பார்த்துச் சிரித்த கையோடு, அதே நம்பிக்கையில் மூன்றாம் பாகத்தைப் போட்டுவிட்டு உட்காருகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அதே எடி மர்ஃபி. அதே டெட்ராய்ட் ஜாக்கெட். அதே மெட்டு (2005இல் ஒரு கிறுக்குத் தவளை ஊரெல்லாம் ரிங்டோனாகக் கத்தித் தீர்த்ததே, அந்த ‘ஆக்ஸல் எஃப்’ தான்). சாமான் ஒன்றுகூடக் குறையவில்லை. அடுப்பைத்தான் யாரும் பற்றவைக்கவில்லை.

இந்தத் தொடர் எதில் ஓடுகிறது என்று அதை எடுத்தவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை. துப்பாக்கியில் ஓடவில்லை ஐயா, வாயில் ஓடுகிறது! 1984இல் முதல் படத்தில் நடிக்க இருந்தவர் சில்வெஸ்டர் ஸ்டாலோன். கதையை முழு அடிதடியாக மாற்றி எழுதினார், படப்பிடிப்பு நெருங்கிய நேரத்தில் விலகிப் போனார். அந்த இடத்துக்கு வந்த மர்ஃபிக்கு அப்போது வயது 23. அவசரத்தில் திருத்திய திரைக்கதையில் கிடைத்த சந்துபொந்தையெல்லாம் அந்தப் பையன் பேசியே நிரப்பினான்.

முதல் படத்தில், பணக்கார ஊரான பெவர்லி ஹில்ஸின் ஓட்டல் காட்சியைப் பாருங்கள். அறை இல்லை என்கிறார்கள். மர்ஃபி நடித்த டெட்ராய்ட் போலீஸ்காரன் ஆக்ஸல் ஃபோலி முதலில் பணிவாக ஒரு பொய் சொல்கிறான்: பத்திரிகையிலிருந்து வருகிறேன், மைக்கேல் ஜாக்சனைப் பேட்டி எடுக்க வேண்டும். மசியவில்லை. உடனே குரலை ஏற்றுகிறான், வரவேற்பறையில் நிற்கிற அத்தனை பணக்காரர் காதிலும் விழுகிற அளவுக்கு. கறுப்பனுக்கு இங்கே இடமில்லை என்றுதான் இனி கட்டுரையில் எழுத வேண்டும் என்கிறான். மேலாளர் ஓடி வருகிறார், திடீரென்று ஒரு அறை காலியாகிவிடுகிறது. அறை என்ன, சொகுசு சூட்! அதுவும் ஒற்றை அறை வாடகைக்கு, ஒரு ராத்திரி 235 டாலர். எதிராளி எதற்குப் பயப்படுகிறான் என்று கண்டுபிடி, அதை ஊர் கேட்கச் சொல், தப்பிக்க ஒரே ஒரு வாசலைத் திறந்துவை. ஆக்ஸலின் வித்தை மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் அதற்கு எதிரே ஒழுங்கு, மரியாதை, விதிமுறை என்று வாழ்கிற ஒருத்தர் நின்றாக வேண்டும். சுவர் இருந்தால்தானே பந்து திரும்பி வரும்?

அந்தச் சுவர்கள்தான் பெவர்லி ஹில்ஸ் போலீஸின் சார்ஜன்ட் டாகர்ட், ரோஸ்வுட், லெப்டினன்ட் போகோமில் மூவரும். கிளப்பில் நடந்த ரகளைக்குப் பிறகு போகோமில் முன்னால் ஆக்ஸல் கூசாமல் அளந்துவிடுகிறானே, டாகர்ட்டும் ரோஸ்வுட்டும் சாதாரண போலீஸ் இல்லை, சூப்பர் போலீஸ் என்று? அது மர்ஃபி அந்த இடத்திலேயே எடுத்துவிட்டது. அடுத்த முறை பார்க்கும்போது மர்ஃபியை விட்டுவிட்டு டாகர்ட்டைப் பாருங்கள். தலையைக் குனிந்து மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவமானத்தில் குறுகுகிறார் என்று நாம் நினைக்கிறோம். டாகர்ட்டாக நடித்த ஜான் ஆஷ்டன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மறைக்கிறார்! பக்கத்தில் ரோஸ்வுட்டாக நிற்கும் நடிகர் ஜட்ஜ் ரைன்ஹோல்ட் பைக்குள் கையை விட்டுத் தொடையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறார். கோடி கொட்டி வெடிக்கவைத்த எந்தக் காரும் இந்த மூன்று முகத்துக்கு ஈடாகாது.

1987இல் வந்த இரண்டாம் பாகத்தை மன்னித்துவிடலாம். டோனி ஸ்காட் அந்தி வெயிலும் புகையுமாக விளம்பரப் படம் மாதிரி எடுத்தார், மர்ஃபி தேவைக்கு மேல் கத்தினார், முதல் படத்தில் நண்பன் செத்தான் என்றால் இதில் போகோமில் மேல் குண்டு. சரி, போகட்டும். ஆனால் மூவர் கூட்டணியை உடைக்கவில்லை. கட்டடப் பணி நடக்கிற மாளிகைக்குள் நுழைந்து, இந்த வீட்டில் செங்கோணமே இருக்கக் கூடாது என்று கொத்தனார்களை மிரட்டி அனுப்பிவிட்டு வீட்டையே எடுத்துக்கொள்கிற காட்சி முதல் படத்தின் அசல் வாரிசு.

மூன்றாவதுக்கு வருவோம். 1994. ஜான் லாண்டிஸ் இயக்கம், எழுதியவர் ‘டை ஹார்ட்’ எழுதியவர்களில் ஒருவர். என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரை ஒவ்வொன்றாக இடித்தார்கள். ஆக்ஸலை வாங்கு வாங்கென்று வாங்குவாரே டெட்ராய்ட் மேலதிகாரி இன்ஸ்பெக்டர் டாட், நிஜ வாழ்க்கையிலும் டெட்ராய்ட் கொலைப் பிரிவில் அதிகாரியாக இருந்த கில் ஹில் நடித்த பாத்திரம், அவரை ஆரம்பத்திலேயே சுட்டுக் கொன்றாயிற்று. போகோமில் ஆளே இல்லை. டாகர்ட் ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம், ஒரு வசனத்தில் கதை முடிந்தது. மிச்சமிருந்த ரோஸ்வுட்டுக்கு மூச்சுவிடாமல் சொல்ல முடியாத நீளத்தில் ஒரு பதவிப் பெயரைக் கொடுத்து அதையே ஜோக் என்று ஓட்டினார்கள்.

சரி, நாயகனாவது பேசுவானா? அதுவும் இல்லை! ஆக்ஸல் இப்போது வளர்ந்த மனுஷன், இனி வாயாடித்தனம் வேண்டாம் என்று மர்ஃபி முடிவெடுத்துவிட்டதாக லாண்டிஸே பின்னாளில் சொன்னார். திரைக்கதை சுமார்தான், மர்ஃபி வந்து சிரிக்கவைத்துவிடுவார் என்று இயக்குநர் நம்பியிருக்கிறார். மர்ஃபி சிரிக்கவைக்கப் போவதில்லை என்று வந்திருக்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டது யார்? நாம்தான்.

பேச்சு இல்லாத குறைக்கு ராட்டினம். கதை நடப்பது ‘வொண்டர் வேர்ல்ட்’ என்ற பொழுதுபோக்குப் பூங்காவில், எடுத்தது கலிஃபோர்னியா சான்டா கிளாராவில் இருந்த நிஜப் பூங்காவில். அந்தரத்தில் தொங்கும் குழந்தைகளைக் காப்பாற்ற ஆக்ஸல் ராட்டினத்தில் ஏறுகிறான். யாரையும் ஏமாற்றவில்லை, யாரிடமும் பொய் சொல்லவில்லை. இதைச் செய்ய எந்த ஹீரோ வந்தாலும் போதுமே, ஆக்ஸல் எதற்கு? ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸ் ஒரு ஓரத்தில் தலைகாட்டுகிறார். இருக்கட்டும், நமக்கென்ன? முதல் படம் அமெரிக்காவில் மட்டும் 23 கோடி டாலருக்கு மேல் வாரியது, இரண்டாவது 15 கோடி. இது 4 கோடியைச் சொச்சத்தோடு தாண்டி மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது.

முப்பது வருஷம் கழித்து 2024இல் நெட்ஃபிளிக்ஸில் நான்காவது. பழைய பாட்டு, பழைய ஜாக்கெட், பழைய ஆட்கள் எல்லாம் ஆஜர். நியாயமாகப் பேசினால் மூன்றாவதைவிட நூறு மடங்கு மேல். ஓட்டலில் பழைய பொய்யை ஆரம்பித்துவிட்டு, களைத்துப்போய் பேசாமல் அறை கேட்கிறானே, அந்த ஒரு நிமிஷத்தில் வயசான ஆக்ஸல் முழுசாகத் தெரிகிறான். ஆனால் அங்கேயும் பாருங்கள், ரோஸ்வுட்டைக் கடத்தி எங்கோ அடைத்துவைத்துவிட்டு, டாகர்ட்டைத் தலைமை அதிகாரி நாற்காலியில் தனியாக உட்காரவைத்துவிட்டு, மகள், மகளின் பழைய காதலன் என்று குடும்பப் பஞ்சாயத்தில் படத்தை ஓட்டுகிறார்கள். மூன்று பேரும் சேரும்போது படம் முடியப்போகிறது.

படம் வந்தது ஜூலையில். செப்டம்பரில் ஜான் ஆஷ்டன் இறந்துவிட்டார். ஐந்தாம் பாகம் பற்றிப் பேச்சு அதற்குள் கிளம்பிவிட்டது. ஜாக்கெட்டைத் துவைத்துத் தயாராகத்தான் வைத்திருப்பார்கள்.