தேரைக்கு ஊற்றிய தண்ணீர்

‘டக் எவர்லாஸ்டிங்’ நாவலைப் படித்த யாரைக் கேட்டாலும் ஜெஸ்ஸியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பதினேழு வயதிலேயே நின்றுபோன பையன், பத்து வயது வின்னியிடம் ஒரு புட்டித் தண்ணீரைக் கொடுத்து, பதினேழு ஆனதும் இதைக் குடி, நாம் கல்யாணம் செய்துகொண்டு உலகம் முழுக்கச் சுற்றலாம் என்கிறான். அவள் குடிப்பதில்லை. எல்லாரும் அவனுக்காக உருகுகிறார்கள். சரி, பாவம்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தவன் அவனுடைய அண்ணன் மைல்ஸ்.

கதையை முழுவதும் சொல்லப்போகிறேன். படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1975இல் வந்த புத்தகம், இதற்கு மேலும் என்னால் ரகசியம் காக்க முடியாது. நாட்டலி பாபிட் என்ற அமெரிக்கப் பெண்மணி சிறுவர்களுக்காக எழுதிய மெல்லிய நாவல். நம்ம ரங்கூன் பன்சொடான் தெருப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அட்டை பாதிதான் இருந்தது. கடைக்காரர் அதற்காக விலையில் ஒன்றும் குறைக்கவில்லை.

அப்பா ஆங்கஸ் டக், அம்மா மே, மகன்கள் மைல்ஸ், ஜெஸ்ஸி. குடியேற இடம் தேடிப் போகிற வழியில், காட்டுக்குள் ஒரு ஊற்றில் நால்வரும் தண்ணீர் குடிக்கிறார்கள். குதிரையும் குடிக்கிறது, பூனை மட்டும் குடிக்கவில்லை. அப்புறம் பார்த்தால் ஜெஸ்ஸி மரத்திலிருந்து தலைகீழாக விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை, அப்பாவைப் பாம்பு கடித்தும் ஒன்றும் ஆகவில்லை. பூனை மட்டும் வயதாகிச் செத்துப்போகிறது. எண்பத்தேழு வருடம் கழித்து வின்னி அந்த ஊற்றைப் பார்த்துவிடுகிறாள். ரகசியம் வெளியே போய்விடுமே என்ற பயத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கிருந்துதான் கதை.

மைல்ஸுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். நாற்பது தாண்டியும் இருபத்திரண்டு வயதுக்காரனாகவே இருப்பதைப் பார்த்து, இவன் சாத்தானுக்கு ஆத்மாவை விற்றுவிட்டான் என்று மனைவி பயப்படுகிறாள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். ஒரு விடியற்காலை படகில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது வின்னி கேட்கிறாள்: அவர்களுக்கும் அந்தத் தண்ணீரைக் கொடுத்திருக்கலாமே? ஊற்றுதான் காரணம் என்று அப்போது தெரியாது என்கிறான் மைல்ஸ். பின்னால் தேடிப் போக நினைத்தானாம். ஆனால் மனைவிக்கு நாற்பது நெருங்கிவிட்டது, குழந்தைகளும் கிட்டத்தட்ட வளர்ந்துவிட்டார்கள், அப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயதாக இருக்கும், போய் என்ன செய்வது? மகள் இன்னும் உயிரோடு இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பாள் என்று கணக்குச் சொல்கிறான். இந்தப் பேச்சு வரும் அத்தியாயம் சின்னதுதான். புத்தகமே அதில் இருக்கிறது என்பேன்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது அப்பா டக்கின் பேச்சை. குளத்து நீர் ஆற்றுக்குப் போகும், கடலுக்குப் போகும், மேகமாகி மழையாகும், நாங்கள் மட்டும் அந்தச் சக்கரத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டோம் என்று வின்னிக்குச் சொல்கிறார். அழகான பேச்சு, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. அதே தண்ணீரைக் குடித்த மே, இருக்கிற நாளை வாழ்ந்துவிட்டுப் போவோம் என்று இசைப்பெட்டியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தானே இருக்கிறாள்? அவளுக்குப் புருஷன் பக்கத்தில் இருக்கிறார், மகன்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வருகிறார்கள். மைல்ஸுக்கு அப்படி யாரும் இல்லை. டக் சொல்கிற மாதிரி சாகாமல் இருப்பதே நோய் என்றால், ஒரே வீட்டில் ஒருத்திக்கு லேசாகவும் இன்னொருவனுக்கு இவ்வளவு கடுமையாகவும் ஏன் வந்தது?

புறநானூறு 182ஆம் பாட்டு இதை எப்போதோ பிடித்துவிட்டது. இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும், இனிக்கிறதே என்று தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்கிறது. ‘தமியர் உண்டலும் இலரே.’ இதைப் பாடியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. சாகாமருந்தைப் பற்றிப் பாடியவருக்கு, கடலில் செத்ததே பெயராக நின்றுவிட்டது.

ரங்கூன்காரர்களுக்கு மைல்ஸ் அவ்வளவு அந்நியன் இல்லை. 1964இல் பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு எத்தனை குடும்பங்கள் பாதி இங்கே, பாதி மெட்ராஸில் என்று ஆயின. எங்கள் பாட்டியின் தங்கை கப்பலேறியவர். வீட்டில் இருந்த ஒரே படத்தில் இரட்டைச் சடையும் தாவணியுமாக இருப்பார். பாட்டி அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த வயதுப் பெண்ணை அதட்டுகிற மாதிரியேதான் பேசுவார். பிற்பாடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தோம். திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது யாரு, அவ மாமியாரா?” என்று கேட்டார் பாட்டி. அன்று சிரித்தோம். மைல்ஸ் ஏன் மகளைத் தேடிப் போகவில்லை என்பது எனக்கு உடனே புரிந்ததற்கு இதுதான் காரணம்.

மாடி வீட்டு பர்மிய அக்காவுக்குக் கதையைச் சொன்னேன். அவர் வீட்டு பூஜை அலமாரியில் புத்தருக்குப் பக்கத்தில் போபோ அவுங் என்ற வெய்சா வெள்ளை உடையில் இருப்பார். பர்மியர்கள் வெய்சா என்று கும்பிடுகிறவர்கள் நம் சித்தர்கள் மாதிரிதான். மந்திரமும் ரசவாதமும் கற்று, அடுத்து வரப்போகும் மைத்ரேய புத்தரைக் காணும்வரை உடலை நீட்டித்துக்கொண்டு காத்திருப்பவர்கள். போ மின் காங் என்ற இன்னொரு வெய்சா 1952இல் போப்பா மலையில் இறந்தார் என்று சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் வரும், அவர் இருக்கிறார் என்பார்கள். அக்கா கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு, “இவங்க யாருக்காகக் காத்திருக்காங்க?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நாவலிலும் இல்லை. அந்தக் குடும்பம் செய்கிற வேலையெல்லாம் ஊற்றைக் கூழாங்கல்லால் மூடி மறைப்பதுதான். மஞ்சள் உடைக்காரன் ஒருவன் வருகிறான், அவன் அந்தத் தண்ணீரை விற்கப் பார்க்கிறான். மறைக்கிறவர்களும் விற்கிறவனும் மட்டுமே இருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சல் வந்தது. வழிப்போக்கர் குடிக்கட்டும் என்று மண்பானையில் தண்ணீர் வைத்துப் புண்ணியம் தேடுகிற ஊர்க்காரி நான், வேறென்ன தோன்றும்?

கொடுப்பவள் வின்னி ஒருத்திதான். நாயிடம் மாட்டிக்கொண்ட தேரை ஒன்றின்மேல் அந்தப் புட்டித் தண்ணீரை ஊற்றிவிடுகிறாள். இந்த இடத்தில் நான் அதியமானை நினைத்தேன். நெல்லிக்கனியின் மகிமையைச் சொல்லாமல் மறைத்து அவ்வையிடம் கொடுத்தானே, அவன். பள்ளிப் புத்தகம் அத்தோடு நிறுத்திவிடும். அதே புறநானூற்றில் கொஞ்சம் தள்ளிப் போனால், செத்துப்போன அதியமானுக்காக அவ்வை அழுகிறாள். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான், எல்லாம் போயிற்றே என்கிறாள். கனி தந்தவன் போய்விட்டான், தின்றவள் இருந்து புலம்புகிறாள். அவளிடமும் யாரும் கேட்கவில்லை, தேரையிடமும் யாரும் கேட்கவில்லை.

முடிவில் எனக்கு ஒரு குறை உண்டு. 1950இல் டக்கும் மேயும் அந்த ஊருக்குத் திரும்பி வருகிறார்கள், டக் வின்னியின் கல்லறையைப் பார்க்கிறார். 1870–1948, அன்பு மனைவி, அன்புத் தாய் என்று கல்லில் இருக்கிறது. அவ்வளவுதான். சாகிற வாழ்க்கையே மேல் என்று சொல்ல வந்த நாவல், அந்த வாழ்க்கையின் மீதி 68 வருடத்தை இரண்டு அடைமொழிகளில் முடித்துவிடுகிறது. அவள் என்ன படித்தாள், யாரோடு சண்டை போட்டாள், பதினேழாவது பிறந்தநாளில் என்ன நினைத்தாள்? அதைக் காட்டியிருந்தால் டக்கின் பேச்சை ஒருவேளை நம்பியிருப்பேன். திரும்பிப் போகும் வழியில் ஒரு தேரை சாலை நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சாகவே மாட்டோம் என்று நினைப்போ இதற்கு என்று டக் அதை எடுத்து ஓரமாக விடுகிறார். அங்கே மட்டும் சத்தமாகச் சிரித்தேன்.

படித்தவர்கள் டக் கட்சியா, மே கட்சியா, மைல்ஸ் கட்சியா என்று எழுதுங்கள். ஜெஸ்ஸி கட்சிக்காரர்கள் தனியாக ஒரு பதிவு போட்டுக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம். புத்தகம் வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள். பாதி அட்டையோடு திருப்பித் தந்தால் போதும்.