அந்த எழுத்தை எதற்கு வெட்டினீர்கள்?

அந்த வரலாற்றுப் பக்கத்தில் நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் முடிசூடும் எட்சிங்கை, அதாவது தகட்டில் கீறி அச்செடுத்த பழைய படத்தை எடுத்து, ஏஐயில் கலர் அடித்து, எழுத்து இருந்த இடத்தை வெட்டிவிட்டு ‘அபூர்வப் புகைப்படம்’ என்று போட்டார்கள். 1661இல் ஏது புகைப்படம்? கேமராவில் எடுத்து இன்றைக்கு மிஞ்சியிருக்கிற மிகப் பழைய படமே 1820களில் எடுத்தது. இதை மரியாதையாகத்தான் எழுதினேன், முழுப் படத்தையும் சேர்த்தே போட்டேன். என் கமென்ட்டை அழித்து, என்னையும் பக்கத்தை விட்டு நீக்கிவிட்டார்கள்.

புகைப்படம் என்று சொன்னதைக்கூட விட்டுவிடலாம், தெரியாமல் போட்டிருப்பார்கள். எழுத்தை வெட்டியது தெரியாமல் நடந்ததா? அதில்தானே செய்தவர் பெயர் இருக்கிறது! வென்செஸ்லாஸ் ஹாலர், 1607இல் பிராகில் பிறந்து லண்டனில் பிழைத்தவர். மெழுகு பூசிய செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறின இடத்தை ஆசிட் அரிக்க விட்டு, அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்கிற வேலை. தகட்டில் எல்லாமே இடம் வலம் மாறி இருக்க வேண்டும், எழுத்தையும் அப்படித் திருப்பித்தான் எழுத வேண்டும். மணல் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக் கூலிக்கு உழைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கடைசியில் வறுமையில்தான் செத்தார். அவர் பெயரைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு: எங்கப்பா சேலத்தில் ஒரு பிளாக் கடையில், அச்சகங்களுக்குப் படத் தகடு செய்துகொடுக்கிற கடையில், வேலை பார்த்தவர். ஜிங்க் தகட்டை ஆசிட் தட்டில் போட்டு, நின்றுகொண்டே தட்டை ஆட்டிக்கொண்டிருப்பார். ஹாலர் தகட்டில் கோடு பள்ளமாக இருக்கும், அப்பா தகட்டில் சுற்றிலும் அரித்துப் போய்க் கோடு மேலே நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சோறு பிசையும்போது அவர் நகம் பழுப்பாக இருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. ஊரில் பாதிக் கல்யாணப் பத்திரிகையில் இருந்த பிள்ளையார் அவர் கையில் வந்தவர். பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அப்பா பெயர் ஒன்றில்கூட வந்ததில்லை. ஹாலருக்காவது பெயர் இருந்தது, அதையும் எடுத்துவிட்டீர்கள்.

‘முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன படம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்கிறார் ஒருவர். பயன்படுத்துங்கள், நான் உரிமைத் தொகையா கேட்டேன்? ‘கலர் இருந்தால்தான் பசங்க பார்ப்பாங்க’ என்கிறார் இன்னொருவர். சரி, கலர் அடித்ததோடு பெயரையும் வைத்திருக்கலாமே? ‘வெள்ளைக்கார ராஜாவுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்’ என்று கேட்டவருக்குப் பதில் சொல்லவே மனசு வரவில்லை. ராஜாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசினேனா? 1649இல் அவன் அப்பன் தலையை வெட்டி, பழைய கிரீடத்தையும் அழித்துவிட்டார்கள். இவனுக்குப் புதுசாகச் செய்துதான் சூட்டினார்கள். அதையும் ஊர் கண்ணாரப் பார்த்ததா என்றால் இல்லை. அந்தக் காலத்து லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ், முடிசூட்டு நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் விடிகாலை நாலு மணிக்கு மேல் போய் இடம் பிடித்து உட்கார்ந்தவர். சடங்கு எதையும் தன்னாலும் அங்கே இருந்த பெரும்பாலானவர்களாலும் பார்க்க முடியவில்லை என்று வருத்தப்பட்டுத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உள்ளே இருந்தவர்களுக்கே தெரியாததை இன்று சேலத்தில் உட்கார்ந்து நாம் பார்க்கிறோம் என்றால், அது அந்த மனுஷன் கீறின கீறல்தான். அவர் பெயருக்கு ஒரு விரல்கடை இடம் கொடுக்க முடியாதா உங்களால்?

அட்மினிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்றும் ஒரு நண்பர் சொன்னார். வெட்டினது எல்லாரும் பார்க்கத்தானே, சொல்வது மட்டும் எதற்கு ரகசியமாக?

வெட்டாத படத்தை முதல் கமென்ட்டில் போட்டிருக்கிறேன். பகிர்கிறவர்கள் அதை எடுத்துப் பகிருங்கள், பெயரோடு.