டமார் ஹாம்லின் ஓரங்கட்டப்பட்டது இதயக் கோளாறாலா? உண்மை என்ன?

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் ஆட்டத்தின் நடுவே இதயத்துடிப்பு நின்று சரிந்த, பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் டமார் ஹாம்லின், உடல்தகுதி இல்லாமலேயே பெயரளவில் அணியில் சேர்க்கப்பட்டார் என்றும், 2023 பருவத்தில் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் களமிறங்காததே அதற்குச் சான்று என்றும் ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு.

மார்பில் விழுந்த அடியால் துடிப்பு நிலைகுலைந்ததே காரணம் என்று கண்டறிந்த இதய நிபுணர்கள், அவர் முழுமையாக விளையாடலாம் என ஒருமனதாகக் கூறியதை 2023 ஏப்ரலில் அணி நிர்வாகமே அறிவித்தது.

அப்படியானால் அவர் ஏன் களமிறங்கவில்லை? விடை பின்களத் தற்காப்பு வரிசையில் இருக்கிறது. ஹாம்லின் ஆடுவது, எதிரணியின் நீண்ட வீச்சுகளைத் தடுக்கக் கடைசி அரணாக நிற்கும் 'சேஃப்டி' என்ற நிலையில். அதில் தொடக்க இடங்கள் இரண்டே. 2022-இல் மைக்கா ஹைட் கழுத்துக் காயத்தால் விலகியதால்தான் ஹாம்லினுக்கு அந்த இடம் கிடைத்தது. அடுத்த பருவத்தில் ஹைட் திரும்பினார். 2017 முதல் அவருடன் இணைந்து ஆடிய ஜோர்டன் போயரும் அணியில் நீடித்தார். போதாக்குறைக்கு, அனுபவசாலியான டெய்லர் ராப் புதிதாக வந்து சேர்ந்தார். பஃபலோ வழக்கமாக ஐந்து பின்களத் தற்காப்பாளர்களை நிறுத்தினாலும், அந்த ஐந்தாவது இடம் டாரன் ஜான்சன் போன்ற கார்னர்பேக்குக்கு, அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி வீரரைத் தடுப்பவருக்கு, உரியது. அணியின் 53 பேரில் அதிகபட்சம் 48 பேரே ஆட்ட நாளில் களமிறங்க முடியும் என்பதால், முழு உடல்நலத்துடன் இருக்கும் வீரர்களும் வெளியே அமர்வது வழக்கமே.

ஹைட்-போயர் மூத்த இணை பிரிந்த 2024-இல் ஹாம்லின் தொடக்க வீரரானார். அந்தச் செப்டம்பரில் ஜாக்சன்வில் அணிக்கு எதிராகத் தம் முதல் இன்டர்செப்ஷனையும் (எதிரணி வீசிய பந்தை இடைமறித்துப் பிடிப்பது) எடுத்தார்.