அற்புதம் நடந்தாத்தான் சாட்சியா?

ஞாயித்துக்கிழமை சர்ச்ல நடந்தது நம்ம சபைக்காரங்க எல்லாருக்கும் தெரியும், அதனால யாரு என்னன்னு பேரு போடல. விளைச்சலுக்கு நன்றி சொல்லி காணிக்கை படைச்சு ஏலம் விடுற அறுப்பின் பண்டிகை ஆராதனையில, புது கார் வாங்குனவரு மைக்க பிடிச்சு, கர்த்தர் தனக்குச் செஞ்ச நன்மைன்னு கலர், மாடல், சன்ரூஃப் வரைக்கும் சாட்சி சொன்னப்போ யாருக்கும் நேரம் ஆகல. டயாலிசிஸ் போயிட்டிருக்குற அக்கா எந்திரிச்சு "இன்னைக்கு கோயிலுக்கு நடந்து வர பெலன் தந்தாரு, ஸ்தோத்திரம்"னு ஆரம்பிச்சதும் "சீக்கிரம் முடிங்க சிஸ்டர், ஏலம் இருக்கு". சரி, தேங்காயும் வாழத்தாரும் காத்துக்கிட்டு இருந்துச்சு, அதக்கூட விட்டுருவேன். சாயங்காலம் வாட்சப் குரூப்புல ஒரு அண்ணன் போட்டாரு பாருங்க, "பூரண சுகம் கிடைச்ச பிறகு சாட்சி சொன்னா சபைக்கு பிரயோஜனமா இருக்கும்"னு. கீழ வரிசையா ஆமென்.

நன்றி என்ன, டெலிவரி ஆன பிறகு போடுற ரிவ்யூவா? பொருள் கைக்கு வந்தா அஞ்சு ஸ்டார், வரலேன்னா வாய மூடிக்கிட்டு உக்காரணுமா?

"தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்" கர்த்தருக்குள்ள மகிழ்வேன்னு பைபிள்ல ஆபகூக் தீர்க்கதரிசி பாடுனத காலண்டர்ல அச்சடிச்சு வீட்டுக்கு வீடு மாட்டிருக்கோம். அந்த ஆபகூக் நம்ம கோயிலுக்கு வந்து மைக் கேட்டா கமிட்டி குடுக்குமா? மாடு வந்த பிறகு வாங்க பிரதர்னு சொல்லிருவாங்க.

உடனே "அப்போ கார் வாங்குனவன் நன்றி சொல்லக் கூடாதா, உனக்கு பொறாமை"ன்னு வருவீங்க. சொல்லட்டும்யா, தாராளமா சொல்லட்டும், கஷ்டப்பட்டு சம்பாதிச்சிருக்காரு. கண்ணாடியில பெருசா "கர்த்தர் தந்தது"ன்னு ஸ்டிக்கர், ஆர்சி புக்ல பேங்க் பேரு, அதெல்லாம் அவர் பாடு. நான் கேக்குறது, அவர் சொன்னா நன்றி, அந்த அக்கா சொன்னா மட்டும் டைம் வேஸ்ட்டா?

அடுத்து பைபிள்ல எல்லாத்தையும் இழந்த யோபுவ இழுத்துட்டு வருவீங்க, கர்த்தர் அவருக்கு ரெண்டத்தனையா குடுத்தாருல்லான்னு. குடுத்தாரு, அது 42ஆம் அதிகாரம். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்"னு அவர் சொன்னது 1ஆம் அதிகாரத்துல, பிள்ளைகளும் போயி ஆடுமாடும் போயி ஒண்ணுமில்லாம நிக்கும்போது. நடுவுல இருக்குற நாப்பது அதிகாரத்த யாரு வாசிப்பா?

2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்த மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழை. ஏரல்ல எங்க சித்தி வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, பீரோ, கட்டில், பிரிட்ஜ், சித்தப்பா போட்டோ எல்லாம் சேறு. அந்தக் கிறிஸ்மஸ்க்கு நான் கேட்ட சாட்சி என்ன தெரியுமா? "எங்க தெருவுக்குள்ள ஒரு சொட்டு தண்ணி வராம கர்த்தர் காத்தார்". எனக்கு பக்குன்னு ஆயிட்டு. அப்போ எங்க சித்தி தெருவ அவரு காக்கலயா? அவ என்ன பாவம் பண்ணா?

லூக்கா 18ல தன்ன நீதிமான்னு நெனச்ச பரிசேயன் பண்ணுனதும் ஸ்தோத்திர ஜெபந்தான், அத கவனிச்சிருக்கீங்களா? "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்". ஆயக்காரன்னா வரி வசூல் பண்றவன், ஊரே பாவின்னு ஒதுக்குனவன். பக்கத்துல நிக்கிறவன விட நான் நல்லா இருக்கேன், தேங்க்யூ லார்ட். நம்ம சாட்சியில பாதி இதுதான், கோவப்படாதீங்க, யோசிச்சுப் பாருங்க.

சித்தி சமையக்கட்டுல ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு, கைப்பிடி அரிசி போடுறதுக்கு. சோறு பொங்குறதுக்கு முன்னால ஒரு பிடி எடுத்து கோயிலுக்குன்னு அதுல போட்டுட்டுத்தான் உலை வைப்பா, அவ அம்மா காலத்துப் பழக்கம். வெள்ளம் வடிஞ்சு நான் போனப்போ டின்னோட மூடி துரு ஏறி இறுகிக் கிடக்கு, அத அம்மிக் குழவியால தட்டித் தட்டித் திறந்து, நிவாரணத்துல வந்த அரிசியில மொத பிடிய அதுல போடுறா. "நிவாரண அரிசியிலயா சித்தி?"ன்னேன். "அரிசி வந்துச்சுல்லா"ன்னா. அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு யாரும் மைக் குடுக்கல, குடுத்தாலும் எந்திரிக்க மாட்டா.

இதையெல்லாம் வெளிய எழுதாத, மத்தவங்க சிரிப்பாங்கன்னு இன்பாக்ஸ்ல ஏற்கனவே ஒரு அட்வைஸ் வந்தாச்சு. சிரிக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்கு வேல போனப்போ "குடும்ப ஜெபத்துல ஏதோ குறை"ன்னு எங்க காதுபடவே சொன்னது வெளியாளா? கூடவே இருந்து அசனச் சோறு, அதான் சபையா சேந்து சாப்பிடுற விருந்து, தின்னவங்கதான். அந்த வருசம் ஸ்தோத்திரக் காணிக்கை லிஸ்ட்ட தொகையோட, பெருசுலருந்து சிறுசுன்னு வாசிச்சப்போ எங்க பேரு எந்த இடத்துல வந்துச்சுன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ரெண்டு காசு போட்ட விதவைதான் எல்லாரையும் விட அதிகமா போட்டான்னு இயேசு சொன்னதப் பத்தி அன்னைக்குத்தான் பிரசங்கம் வேற!

அசனம் வருது. லிஸ்ட்ட தொகையோட வாசிக்கிறத நிறுத்துங்க, சாட்சிக்கு எல்லாருக்கும் ஒரே நேரம் குடுங்கன்னு போதகர் ஐயருக்கும் கமிட்டிக்கும் லெட்டர் எழுதிட்டேன். கையெழுத்து போடுறவங்க ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வேப்பமரத்துக்கிட்ட வாங்க. கீழ ஆமென் மட்டும் போட்டுட்டு ஓடிராதீங்க.